முதற் கருவியும் நிலைத்த சுவையும்

மனிதனுக்குச் சுவை என்பது எங்கிருந்து வருகிறது? ஒருவனுக்கு ஓர் ஓசை இனிக்கிறது; மற்றொருவனுக்கு அதே ஓசை கசக்கிறது. இவ்வேறுபாடு பிறவியிலேயே அமைந்ததா, அன்றிப் பழக்கத்தால் விளைந்ததா? பிறவியில் அமைந்தது என்று ஒப்புக்கொண்டால், உயர்ந்த சுவையோடு ஒரு கூட்டமும் தாழ்ந்த சுவையோடு ஒரு கூட்டமும் பிறக்கின்றன என்னும் பழைய பொய்யையும் உடன் ஒப்புக்கொள்ள நேரும். பழக்கத்தால் விளைந்தது என்று கொண்டாலோ, அப்பழக்கத்தை நமக்கு ஊட்டியது எது, அதனை மாற்றும் உரிமையும் வலிமையும் நமக்கு உண்டா என்னும் கேள்விகள் எழும். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்தைத் துறந்து தம்மத்தைத் தழுவிய நமக்கு இஃது ஓய்வு நேரத்தில் பேசி மறக்கும் பொருளன்று.

இதனை ஆராய்வதற்கு நம் கண்ணெதிரே உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது மின்சாரக் கித்தார். பௌத்தப் பத்திரிகைக்கும் கித்தாருக்கும் என்ன உறவு என்று சில அன்பர்கள் வினவலாம். உபோசத நாளில் எட்டுச் சீலங்களை மேற்கொள்வோர் ஆடல் பாடல் வாத்தியங்களை விலக்கவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் நாள்தோறும் இல்லறத்தார் காக்கும் ஐந்து சீலங்களில் இசைக்குத் தடை ஏதும் இல்லை. மேலும், மனத்தின் இயல்பை விளக்கப் பகவான் புத்தரே நரம்புக் கருவியை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். ஆகவே நாம் புது வழி எதிலும் புகவில்லை. அவர் காட்டிய வழியிலேயே செல்கிறோம்.

நம் ஸ்ரீராம்புரம் ஆலைத் தொழிலாளர் உழைப்பால் வளர்ந்த பகுதி என்பதை அனைவரும் அறிவர். ராஜா மில்லும் பின்னி மில்லும் மினர்வா மில்லும் சங்கு ஊதிய காலத்தில், தமிழ்நாட்டு வட மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் இங்கும் ஓக்கலிபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறின. இன்று அவ்வாலைகளின் சங்கொலி கேட்பதில்லை. ராஜா மில் நின்ற இடத்தில் பெரிய வணிக வளாகம் நிற்கிறது. 2014ஆம் ஆண்டு முதல் நம் பகுதியின் பெயர் தாங்கிய நிலையத்தில் மெட்ரோ ரயில் நின்று செல்கிறது. காலம் மாறியதுபோலவே பிள்ளைகளின் கையிலுள்ள கருவியும் மாறியிருக்கிறது. பெற்றோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில், சில வேளை கடனில், சில வேளை யாரோ பயன்படுத்திக் கழித்ததை மலிவாகப் பேசி, ஒரு மின்சாரக் கித்தார் வீட்டிற்கு வருகிறது. அதனைத் தேர்ந்தெடுத்தவன் வாசிக்கப்போகும் சிறுவன் அல்லன். கையிருப்பும் கடைக்காரரின் கையிலிருந்த சரக்குமே தேர்ந்தெடுத்தன. ஆயினும் பத்தாண்டு கழித்து அவ்விளைஞன், ‘எனக்கு இந்த நாதம்தான் பிடிக்கும், மற்றவை காதுக்கு ஒவ்வா’ என்று உறுதியுடன் சொல்கிறான். தற்செயலாய் வந்தது எப்போது அவனது ‘சொந்தச் சுவை’ ஆயிற்று? இதுவே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம்.

முதலில் கருவியின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். வீணைக்குக் குடம் உண்டு; சாதாரணக் கித்தாருக்கு உள்ளே குடைவான பெட்டி உண்டு. தந்தியின் அதிர்வை அவையே பெருக்கித் தருகின்றன. மின்சாரக் கித்தாரிலோ பெரும்பாலும் உடல் கெட்டியான மரமே. எஃகுத் தந்திகளின் அடியில் காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மயிரிழை போன்ற செப்புக் கம்பியும் வைக்கப்பட்டிருக்கும். தந்தி அதிர்கையில் காந்தத்தின் புலம் அசைகிறது. அவ்வசைவால் செப்புக் கம்பியில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனை வேறொரு பெட்டி பெருக்கி ஒலியாக்குகிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருப்பெற்ற இம்முறையைக் கொண்டு, 1950இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் கெட்டி மரக் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1952இல் கிப்சன் நிறுவனமும் அவ்வாறே செய்தது. இன்று மலிவு விலையில் விற்கும் கித்தார்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஏதோ ஒன்றின் சாயலில் செய்யப்பட்டவையே.

இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாடு பார்வைக்குச் சிறிது. ஃபெண்டர் வகையில் தந்தியின் அதிரும் நீளம் 25½ அங்குலம். கிப்சன் வகையில் ஏறத்தாழ 24¾ அங்குலம். முக்கால் அங்குலந்தானே என்று எண்ணலாம். ஆனால் நாள்தோறும் அந்த மெட்டுகளின்மேல் ஓடிப் பழகும் சிறு விரல்களுக்கு அது சிறிதன்று. நீளம் மிகுந்த தந்தி அதே சுருதிக்கு இறுகி நிற்கும். குறைந்தது சற்றுத் தளர்ந்து வளைந்து கொடுக்கும். இறுகிய தந்தியில் பழகிய விரலுக்குத் தளர்ந்தது உறுதியற்றதாகவும், தளர்ந்ததில் பழகிய விரலுக்கு இறுகியது முரடாகவும் தோன்றும். நாதத்திலும் அவ்வாறே. ஒற்றைச் சுருள் கொண்ட காந்தம் பளிச்சென்று கூர்மையாக ஒலிக்கும். ஆனால் மின் கம்பிகளின் இரைச்சலையும் உடன் இழுத்துக்கொள்ளும். அவ்விரைச்சலைப் போக்கக் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்னும் பொறியாளர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, ஒன்றன் இரைச்சலை மற்றொன்று அழிக்கும்படி செய்தார். இரைச்சலோடு கூர்மையும் சிறிது மழுங்கித் தடித்த நாதம் பிறந்தது. எதனை முதலிற் கேட்டானோ அதுவே ஒருவனுக்குக் கித்தாரின் ‘இயல்பான’ குரலாகிவிடுகிறது. மற்றது குறையாகவோ மிகையாகவோ படுகிறது.

இது வெறும் ஊகமன்று. 1968இல் ராபர்ட் ஸாயோன்ஸ் என்னும் உளநூலார், முன்பின் அறியாத சொற்களையும் வடிவங்களையும் மனிதருக்கு மீண்டும் மீண்டும் காட்டி ஆராய்ந்தார். பொருள் விளங்காவிடினும், அடிக்கடி கண்டதையே அவர்கள் அதிகம் விரும்பினர். பழகியது இனியது என்று மனம் தானே எழுதிக்கொள்கிறது. ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று நம் மூதாட்டியர் சொல்லிவந்ததும் இதுவே.

உலகறிந்த வாத்தியக்காரர் இருவரைக் காண்போம். இங்கிலாந்தில் பிரயன் மே என்பவர் 1963இல், பதினாறு வயதுச் சிறுவனாயிருந்தபோது, கடையிலுள்ள விலையுயர்ந்த கித்தார்களை வாங்க வழியில்லாமல், மின்னணுத் துறையில் தேர்ந்த தம் தந்தையாருடன் சேர்ந்து தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேற்சட்ட மரம் அதன் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் சுருள் வில்கள் அதன் உறுப்பாயின. பின்னாளில் அவர் குவீன் என்னும் குழுவினருடன் உலகப் புகழ் பெற்று, எந்தக் கருவியையும் வாங்கும் செல்வம் அடைந்த பின்னரும், பெரும்பாலும் அந்தக் கருவியையே வாசித்துவந்தார். வறுமையில் பிறந்த நாதம் அவர் வாழ்நாளின் குரலாயிற்று.

மற்றவர் டோனி அயோமி. பர்மிங்காம் நகரத்துத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர். 1965இல், பதினேழாம் வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கை வாட்டத்தினர். ஆகையால் மெட்டுகளை அழுத்துவது அவ்வலக்கையே. தீயில் இரு விரல்களின் வலிமையை இழந்தும் கித்தார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கேட்டு மனந்தேறினார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் வலி குறையும் பொருட்டுச் சுருதியையே இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். அவ்வாறு எழுந்த கனத்த தாழ்ந்த நாதம் கோடிக்கணக்கான இளைஞருக்கு ஒரு சுவையாகவே நிலைத்துவிட்டது. இன்று அதனை விரும்பிக் கேட்கும் பிள்ளை, தான் சுவைப்பது ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து பிறந்த ஒலி என்பதை அறியான். ஆலை இயந்திரத்தில் கை இழந்தவரை நேரில் அறிந்த நம் குடும்பங்களுக்கு இச்செய்தி தனியாக உறைக்கும்.

இதுவரை கூறியவற்றால், முதற் கருவியே சுவையை ஆக்குகிறது, மனிதன் அதற்கு அடிமை என்று முடிவு கட்டலாமோ எனின், கட்டலாகாது. அதற்கு எதிரான சான்று நம் தென்னாட்டிலேயே உண்டு. 1969இல் ஆந்திர நாட்டுப் பாலக்கொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மிக இளம் வயதிலேயே அம்மேனாட்டுக் கருவியைக் கையிலெடுத்தார். அவருக்குக் கருநாடக இசை கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயாற் பாடுவார். சிறுவன் அதனைக் கேட்டுத் தந்தியிற் கொண்டுவரவேண்டும். மாண்டலினுக்கு இயல்பாக நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் உண்டு. அதன் நாதம் தெறித்து உடனே மறையும். கமகங்கள் அதில் எளிதில் நிற்கா. கருவி சொன்னபடி கேட்டிருந்தால் அவர் கருநாடக இசையையே கைவிட்டிருக்கவேண்டும். ஆனால் அவருடைய காதில் முதலில் விழுந்தது குருவின் குரல். அக்குரலுக்கேற்பக் கருவியே மாற்றப்பட்டது. ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின்சார மாண்டலினில் கமகம் நின்று ஒலித்தது. 2014இல் சென்னையில் மறையும் வரை அவர் வாசித்தது அத்தகைய கருவியே.

இங்கே கருவி சுவையை ஆக்கியதா, சுவை கருவியை ஆக்கியதா? இரண்டும் உண்மை. சாரிபுத்திர தேரர் ஓரிடத்தில் இரண்டு நாணற் கட்டுகளை உவமையாகக் கூறுகிறார். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அவை நிற்கின்றன. ஒன்றை நீக்கினால் மற்றது விழும். விஞ்ஞானமும் நாமரூபமும் அவ்வாறே ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பது அவர் விளக்கம். கையும் கருவியும், காதும் நாதமும் அவ்வாறே நிற்கின்றன என்று நாம் கொள்ளலாம். இவற்றுள் எதுவும் தனித்து நிற்கும் முதற் காரணம் அன்று.

இச்சார்பின் வழியைப் பகவான் தெளிவாக வகுத்துத் தந்திருக்கிறார். பொறியும் பொருளும் கூடுவது ஸ்பரிசம், அதாவது ஊறு. ஊற்றால் நுகர்ச்சி பிறக்கிறது. நுகர்ச்சியால் வேட்கை பிறக்கிறது. வேட்கையால் பற்று பிறக்கிறது. சிறுவனின் விரல் முதன்முதல் தந்தியைத் தொட்டது ஊறு. அதில் எழுந்த மகிழ்ச்சி நுகர்ச்சி. ‘இன்னும் வேண்டும்’ என்றது வேட்கை. ‘இதுவே நான், இதனை இகழ்பவன் என்னை இகழ்ந்தான்’ என்று சினந்து நிற்பது பற்று. முதல் மூன்று நிலைகளை அவன் கவனிக்கவே இல்லை. நான்காம் நிலையில் நின்றுகொண்டு, தன் சுவை தன் பிறவியோடு வந்தது என்று சாதிக்கிறான். வாசனை என்னும் சொல்லுக்கு நறுமணம் என்றும், பழைய பழக்கத்தின் எச்சம் என்றும் தமிழில் இரு பொருள் வழங்குவது நினைக்கத்தக்கது. பானையில் முதலில் வைத்த பொருளின் மணம் பானையில் ஊறியிருக்கும். ஆனால் மணம் பானை அன்று.

ஓர் அரசனைப் பற்றிய உவமையும் சங்யுத்த நிகாயத்தில் உண்டு. முன்னர் வீணை ஒலியையே கேட்டறியாத அவ்வரசன் அதன் இனிமையில் மயங்கி, அவ்வொலியைக் கொண்டுவரச் சொன்னான். வீணையைக் கொண்டுவந்தனர். வீணை வேண்டாம், ஒலிதான் வேண்டும் என்றான். பல உறுப்புகள் கூடி, வாசிப்பவனின் முயற்சியும் சேர்ந்தபோதே ஒலி எழும் என்று கூறினர். அரசன் வீணையைப் பத்தாகவும் நூறாகவும் பிளந்தான், சிறாய் சிறாயாக்கினான், எரித்துச் சாம்பலாக்கிக் காற்றில் தூற்றினான். ஒலி அகப்படவில்லை. ‘நான்’, ‘எனது’ என்பதும் ஆராய்வார்க்கு இவ்வாறே அகப்படாது என்பது அதன் கருத்து. ‘என் சுவை’ என்று மார்தட்டுவோனும் அதனைத் தன்னுள் தேடிப் பார்க்கட்டும். ஒரு கடைக்காரர், ஒரு விலை, ஒரு காந்தச் சுருள், அண்டை வீட்டுப் பாட்டு, ஒரு காயம், ஒரு குருவின் குரல் ஆகிய இவை அகப்படும். இவற்றுக்கு அப்பால் பிறவிச் சுவை என்று ஒன்று அகப்படாது.

இனி இவ்வுண்மையால் நமக்கு விளையும் பயன்களைக் காண்போம்.

முதற் பயன், செருக்கும் நாணமும் ஒருங்கே நீங்குதல். பறையை எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியம் ஐவகை நிலங்களுக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுகையில் யாழோடு பறையையும் வைத்து எண்ணுகிறது. எல்லா நிலத்து மக்களுக்கும் பொதுவாயிருந்த கருவி அது. பின்னர்ச் சாதி வழக்கம் அதனை ஒரு கூட்டத்தார் தோளில் மாட்டி, சாவு வீட்டில் நிறுத்தி, அவர்கள் பிறப்போடு அதனைப் பிணைத்தது. ஒரு பிள்ளைக்கு எந்தக் கருவி முதலிற் கிடைக்கும் என்பதை அவன் பிறந்த தெருவே தீர்மானித்தது. அத்தெருவின் சுவை தாழ்ந்தது என்றும், வேறொரு தெருவின் சுவை உயர்ந்தது என்றும் அதே வழக்கம் தீர்ப்பும் கூறியது. கதவை அடைத்தவனே, உள்ளே வரத் தெரியாதவன் என்று வெளியில் நின்றவனை இகழ்ந்தது போன்றதன்றோ இது?

இதற்கு விடையாக நம்மவருள் இரு வகைப் பேச்சு எழுகிறது. பறை அடிமைத்தனத்தின் அடையாளம்; அதன் ஒலியில் காலெடுத்து ஆடுவதும் இழிவு என்பர் சிலர். பறை நம் இரத்தத்தில் ஊறியது. அதுவன்றி நமக்கு வேறு இசை இல்லை என்பர் வேறு சிலர். முன்னவர் இகழ்ந்தவனின் காதால் கேட்கின்றனர். பின்னவர், பிறப்பே சுவையைத் தருகிறது என்னும் இகழ்ந்தவனின் வாதத்தையே வேறு பெயரில் ஒப்புக்கொள்கின்றனர். தம்மம் காட்டும் வழி இவ்விரண்டுக்கும் நடுவில் செல்கிறது. சுவை சார்பினால் தோன்றியது. ஆகவே அதில் இழிவும் இல்லை, விதியும் இல்லை. கட்டாயத்தால் அடித்தபோது அது தளை. மனமொப்பி அடிக்கும்போது அது கலை.

இவ்வாறு நடுவில் நின்று செய்யத்தக்கது யாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் முதன்முதல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவினர், கானாப் பாட்டையும் பறையையும் மின்சாரக் கித்தாரையும் ஒரே மேடையில் ஒருசேர நிறுத்தினர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் அம்முயற்சிக்குக் காரணமாயினர். ‘சாதியற்ற’ என்னும் அவர்களது பெயர், பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பௌத்தத்தின் சொல் ஒன்று, நூற்றாண்டு கழித்து, மின்சாரக் கித்தாரின் பக்கத்தில் பறையை நிமிர்ந்து நிற்கச் செய்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

இரண்டாம் பயன் இன்னும் நெருங்கியது. தம்மம் தழுவிய அன்பர் பலரின் உள்ளத்தில், வெளியிற் சொல்லப்படாத ஒரு கலக்கம் இருப்பதை நாம் அறிவோம். ஆடி மாதத்தில் நம் தெருவில் அம்மன் கோயில் மேளம் முழங்குகிறது. கேட்டவுடன் மெய் சிலிர்க்கிறது. கால் தானே தாளமிடுகிறது. தாயாரோடு கூழ் ஊற்றப் போன குழந்தைப் பருவம் கண்முன் நிற்கிறது. ‘நான் மும்மணிகளைச் சரணடைந்தவன்; எனக்கு ஏன் இன்னும் இது நேர்கிறது? என் மாற்றம் பொய்யோ?’ என்று அவர் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்கிறார். முதற் கித்தாரைப் பற்றி நாம் அறிந்தவை இக்கலக்கத்துக்கு மருந்தாகும். அச்சிலிர்ப்பு நுகர்ச்சி, என்றோ நிகழ்ந்த ஊற்றின் பயன். நுகர்ச்சி எழுவது குற்றமன்று. அதன்மேல் வேட்கையையும் பற்றையும் வளர்த்து, பழைய அச்சங்களுக்கும் நேர்த்திகளுக்கும் மீண்டும் தலை வணங்குகிறோமா என்பதே கேள்வி. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றிய பெருந்திரளான மக்களும் உறுதிமொழி ஏற்றனர். அவ்வுறுதிமொழிகள் எதனை வணங்குவோம், எதனை வணங்கோம், எவ்வாறு நடப்போம் என்பன பற்றியவை. எந்த மேளத்துக்குக் கால் அசையும் என்பது பற்றியவை அல்ல. மதமாற்றம் என்பது செவியை அறுத்தெறிதலன்று. செவியில் விழுந்ததை அறிவோடு ஏற்றல்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் பௌத்தம் தழுவிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பின் செய்ததும் இதுவே. தீபாவளி, போகி, கார்த்திகைத் தீபம் ஆகியவற்றை மக்களிடமிருந்து பறிக்காமல், அவற்றுக்குப் பௌத்தப் பொருள் உரைத்தார். மக்களின் கை பழகிய கருவியை உடைக்காமல் அதன் சுருதியை மாற்றினார் எனலாம்.

பகவானும் அவ்வாறே செய்தார். செல்வக் குடியிற் பிறந்து துறவு பூண்ட சோணர், கால் புண்ணாகிக் குருதி கசியும் வரை நடந்து தவம் செய்தும் பயன் காணாமல், இல்லறத்துக்கே மீளலாமோ என்று எண்ணினார். அப்போது பகவான் அவரை நோக்கி, இல்லறத்தில் நீ வீணை வல்லவனாயிருந்தாய் அல்லவா, நரம்பை மிக இறுக்கினால் இசை எழுமோ, மிகத் தளர்த்தினால் எழுமோ என்று வினவினார். இரண்டிலும் எழாது, சமமாக நிறுத்தினாலே எழும் என்று சோணர் விடையிறுத்தார். முயற்சியும் அவ்வாறே என்றார் பகவான். இந்நிகழ்ச்சியில் நடுவழி பற்றிய போதனையைப் பலரும் எடுத்துக்காட்டுவர். நாம் வேறொன்றையும் சுட்ட விரும்புகிறோம். சோணரின் பழைய வீணைப் பழக்கத்தைப் பகவான் பழிக்கவில்லை. துறந்தவன் அதனை ஏன் நினைக்கவேண்டும் என்று கடியவும் இல்லை. அப்பழக்கத்தையே வாயிலாகக் கொண்டு அவரை மெய்ப்பொருளுக்குள் அழைத்துச் சென்றார். முதலிற் கற்றது வீண்போகவில்லை. ஆனால் அதனோடு நின்றுவிடவும் இல்லை.

அங்ஙனமாயின் முதற் கருவியைப் பற்றி நாம் கொள்ளவேண்டிய மனநிலை யாது? நன்றி வேறு, பற்று வேறு என்று பிரித்தறிவதே. தெப்பத்தின் உவமையை அன்பர்கள் அறிவர். ஆற்றைக் கடந்த ஒருவன், இத்தெப்பம் எனக்குப் பேருதவி செய்தது என்று அதனைத் தலையிற் சுமந்து நடப்பானாயின் அவன் அறிவுடையவன் அல்லன். கரையில் இழுத்து வைத்தோ, நீரில் மிதக்க விட்டோ தன் வழியே செல்வதே தக்கது. நல்ல போதனைகளையும் கடக்கவே கொள்ளவேண்டும், கட்டிக்கொள்ள அன்று என்று கூறியவர், ஒரு மரப்பலகையையும் ஆறு தந்திகளையும் தலையிற் சுமக்கச் சொல்வாரோ? அதேவேளை, கடத்திவிட்ட தெப்பத்தை உதைத்து உடைக்கும்படியும் அவர் சொல்லவில்லை. விலையுயர்ந்த கருவி வாங்கியவுடன் பழையதை நண்பர் முன் எள்ளி நகையாடுபவன், தன்னைக் கரை சேர்த்ததை உதைக்கிறான். ஐம்பது வயதிலும் வேறெந்த நாதத்தையும் கேட்க மறுப்பவன் தெப்பத்தைச் சுமக்கிறான். பிரயன் மே தாமே செய்த கருவியை நெடுங்காலம் வாசித்துவந்தது பற்றா என்று கேட்கலாம். கருவியை மாற்றாமை பற்றாகாது, மாற்றியதும் துறவாகாது. பிறர் நாதத்தை வெறுப்பின்றிக் கேட்க முடிகிறதா என்பதே உரைகல்.

இறுதியாக, செயலில் ஒழுகவேண்டிய சில முறைகளைக் கூறுவோம். முதல் ஊறு இத்துணை ஆழமாகப் பதியுமாயின், அதனைப் பிள்ளைக்கு அளிப்பவர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. பெற்றோர் கடன்பட்டு விலையுயர்ந்த கருவி வாங்கவேண்டியதில்லை. ஆனால் மலிவாக வாங்கியதை அப்படியே பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாகாது. தந்தி விரற்பலகையினின்று மிக உயர்ந்து நிற்கும் கருவியில் விரல் புண்படும். மெட்டு தவறிய கருவியில் எவ்வளவு முயன்றாலும் சுருதி சேராது. சிறுவன் சில வாரங்களில் அதனை மூலையில் சாய்த்துவிட்டு, ‘எனக்குச் சங்கீதம் வராது’ என்று வாழ்நாள் முழுவதும் நம்புவான். கருவியின் குறையைத் தன் பிறவிக் குறையாக எண்ணுவான். இவ்வெண்ணத்தின் தீமையை நம்மைவிட அறிந்தவர் யார்? குதிரையைத் தாழ்த்தி, கழுத்தைச் சரிசெய்து, புதுத் தந்தி பூட்ட அறிந்தவர் நம் தெருக்களிலேயே உண்டு. சிறு செலவில் அது முடியும்.

அன்றியும், ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் பிள்ளை பல நாதங்களைக் கேட்க வழி செய்யவேண்டும். நம் ஞாயிறு வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகள் ஒருவர் கருவியை ஒருவர் வாங்கி வாசித்துப் பார்க்கட்டும். கித்தார் வாசிப்பவன் பறையையும், பறை அடிப்பவன் கித்தாரையும் ஒரு நாளாவது தொட்டுப் பார்க்கட்டும். பிறன் சுவையை இகழும் சொல் வாயில் வருமுன், இது நான் அறிந்து சொல்வதா, பழக்கம் என் வாயால் சொல்வதா என்று ஒரு மூச்சளவு நின்று நோக்கப் பழக்கவேண்டும். தியானத்தில் நுகர்ச்சியை நுகர்ச்சியாகக் காண்பது என்று நாம் கற்பிப்பதும் இதுவே. அதற்கு உபோசத நாளும் துணைபுரியும். அன்று ஒரு நாள் கருவியைத் தொடாதிருப்பவன், தான் அதனைப் பிடித்திருக்கிறானா, அது தன்னைப் பிடித்திருக்கிறதா என்பதை அறிவான்.

ஒரு பிள்ளையின் கையில் முதற் கருவியைக் கொடுக்கும்போது நாம் அவனுக்கு ஒரு சுவையைக் கொடுக்கிறோம். அது நெடுநாள் நிலைக்கும். அச்சுவை அவன் பிறப்பன்று, விதியன்று, பெருமையன்று, இழிவன்று என்னும் அறிவையும் உடன் கொடுப்போமாயின், அக்கருவி அவனுக்குத் தளையாகாது. நம் முன்னோர்க்கு எந்தக் கருவி வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. நம் பிள்ளைகளை நாம் கேட்போம். அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு செவி கொடுத்துக் கேட்போம்.